ஆறாட்டு மாலையில் விமானம் ஏது?

மொட்டை மாடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மத்தியானம் இடியோடு பெய்த மழை. பக்கத்து வீட்டு மாமரத்தின் இலைகள் வந்து தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்துவிட்டிருந்தன. நான் குனிந்து ஒரு குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி கோமதி வாளியால் தண்ணீரை மொண்டு ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். மழை ஓய்ந்து, மேற்கே மேகம் விலகி, விளக்கு வைக்கும் நேரம்.

என் காலடித் தண்ணீரில் சில வெளிச்சங்கள் தெரிந்தன. தெருவிளக்குதான் என்று நினைத்தேன். துவாரம் திறந்துகொண்டு தண்ணீர் சுழன்று ஓட ஆரம்பித்தது. வெளிச்சங்களும் நெளிந்தன. ஆனால் தெருவிளக்கு எங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. இவை மேற்கேயிருந்து வந்தன.

நிமிர்ந்து பார்த்தேன்.

தென்னை உச்சிகளுக்கு மேலே, கடல் இருக்கும் திசையில், நாலு விளக்குகள். தூரத்து அகல் சுடர் போல இருந்தன, ஆனால் சிமிட்டவில்லை. நிறம் மஞ்சளும் அல்ல, பச்சையும் அல்ல. மாங்காயை வெட்டினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். சத்தமே இல்லை. அப்படியே நின்றன. பிறகு எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது மெல்ல எழுந்து, மற்றவற்றைத் தாண்டி மேலே போயிற்று. மற்றவையும் அதன் பின்னாலேயே போய், மங்கி, இல்லாமல் போயின. அடுப்பில் வைத்த பால் பொங்கி வரும் நேரம் ஆகியிருக்கும்.

கோமதி என் பின்னால் நின்றிருந்தாள். வாளியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வாய் திறந்தேன்.

"பிளேன் ஆக்கும். லேண்ட் பண்ண முடியாம சுத்திண்டிருக்கு."



"இன்னிக்கு ஆறாட்டுன்னா. பிளேன் ஏது?" என்றாள். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

விமானம் வழிவிடும் நாள்

திருவனந்தபுரத்துக்கு வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. வருஷத்தில் இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு நீராடப் போவார். அதுதான் ஆறாட்டு. அந்த ஊர்வலம் போகிற வழியில்தான் பிற்காலத்தில் விமான ஓடுபாதை வந்தது. பாதை வந்ததே தவிர ஊர்வலம் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே அந்த மாலை விமானங்கள் நிறுத்தப்படும். யானையும் வாளேந்திய சேவகர்களும் விக்கிரகங்களும் ஓடுபாதையைக் கடந்து போய், குளித்து, தீப்பந்த வெளிச்சத்தில் திரும்பி வரும்வரை எங்கள் வானம் காலி.

முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் நானும் கூடப் போயிருக்கிறேன். வெறுங்காலோடு ஓடுபாதையில் நடப்பது ஒரு அனுபவம். வெயில் தாழ்ந்த பிறகும் தார் வெதுவெதுவென்று இருக்கும். விமானச் சக்கரங்கள் தேய்ந்த கறுப்புத் தடங்களின்மேல் கால் வைக்கும்போது ரப்பர் வாசனை அடிக்கும். முன்னால் யானை.

கோயிலைச் சுற்றிய இந்தக் கோட்டைக்குள் வாழ்கிற எந்தக் குழந்தைக்கும் தெரியும், ஆறாட்டு மாலையில் விமானம் கிடையாது என்று. எழுபது வருஷத்துக்கு மேல் இங்கேயே வாழ்ந்து, அதில் பாதிக்காலம் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த நான், அந்த மாலையில் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டேன்.

அது அறியாமல் வந்த பிழை அல்ல. பொய். அவசரத்தில் சொன்ன, நன்றாகக்கூட யோசிக்காத பொய்.

நிமிர்ந்து பார்க்காத நாட்கள்

கோமதி அவற்றை முதலில் பார்த்தது புரட்டாசியில். உலர்த்திய துணியை எடுக்க மாடிக்குப் போனவள் படியில் நின்று கூப்பிட்டாள்.

"ஏன்னா, கொஞ்சம் வாங்கோளேன். வானத்துல என்னமோ விளக்கு நிக்கறது."

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆவணியில்தான் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. புது லென்ஸ் வைத்தவர்களுக்கு விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும், ஒளி சிதறும். "கண் இன்னும் பழகலை. சரியாப் போயிடும்," என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி. "வட்டமெல்லாம் இல்லைன்னா. நிலாவைப் பார்த்தா ஒரு நிலாதான் தெரியறது. இது வேற." மறுபடியும் நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. தானாகப் பார்த்துவிட்டு வந்து, சாதம் பரிமாறும்போது, "இன்னிக்கும் வந்தது," என்று மட்டும் சொன்னாள்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போன இடத்தில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அடுத்த வீட்டு சசிதரன் வாசல் கேட் அருகில் என்னை நிறுத்தினார். "சாரே, அம்மா எந்தோ வெளிச்சம் கண்டுன்னு பறஞ்ஞல்லோ. சார் அதினு எந்து பறயுன்னு?" அம்மா பார்த்த வெளிச்சத்துக்கு நான் என்ன சொல்கிறேன் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தெருவில் கிரகணம் என்றாலும் வால்நட்சத்திரம் என்றாலும் விளக்கம் சொல்கிறவன் நான்தான்.

தும்பாவின் ஆரஞ்சு மேகம்

அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரு சாயங்காலம் வடமேற்கே வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை பூத்தது. மேகம் மாதிரி இல்லை. தண்ணீரில் மஞ்சள் கரைத்தால் பரவுமே, அப்படிப் பரவி, நெளிந்து, கொடி போல நீண்டது. தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு மாமி அழுதேவிட்டாள். ஊருக்கு ஏதோ வரப்போகிறது என்றார்கள்.

மறுநாள் பத்திரிகையில் விவரம் வந்தது. தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டு, மேலே காற்று எப்படி வீசுகிறது என்று பார்ப்பதற்காக சோடிய ஆவியைத் தூவியிருக்கிறார்கள். தரையில் இருட்டினாலும் அவ்வளவு உயரத்தில் சூரிய வெளிச்சம் இருக்கும். அது பட்டுத்தான் அந்த நிறம்.

நான் அதைப் படித்து, சாக்பீஸால் தெருக்கல்லில் படம் போட்டு, பெரியவர்களுக்கெல்லாம் விளக்கினேன். முதல்நாள் அழுத மாமி என் தலையைத் தடவி, "பிள்ளை எவ்வளவு சமத்து!" என்றாள்.

அந்தத் தடவலின் ருசி எனக்கு விட்டுப்போகவே இல்லை. போன வருஷம்கூட, வானத்தில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போன வெளிச்சங்களைப் பார்த்துக் குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் கலவரம் ஆனபோது, செயற்கைக்கோள் தொடர் என்று நான்தான் எழுதினேன். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. அப்படிப்பட்டவனின் வீட்டிலேயே மனைவி வானத்தில் விளக்குப் பார்க்கிறாள் என்றால்?

அந்தக் கூச்சம்தான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

மணி வரையச் சொன்னார்கள்

மஸ்கட்டில் இருக்கும் எங்கள் ஒரே மகள் விஜியிடம் போனில் சொன்னேன், "அம்மாவுக்கு மனசு கொஞ்சம் தடுமாறறது போல இருக்கு" என்று. அவள் பயந்துபோய், "உடனே டாக்டர்ட்ட காட்டுங்கோப்பா," என்றாள். காட்டினேன்.

இளம் டாக்டர். வடக்கே, கோழிக்கோட்டுப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், மரியாதையானவர். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். கோமதி, "எதுக்கு ஏழு ஏழாக் குறைக்கணும்? எங்காத்துல யாரும் அப்படிக் குறைச்சதில்லை," என்றாள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, "அம்மே, ஒரு க்ளாக் வரய்க்கணம், கேட்டோ," என்றார்.

கோமதி சிரத்தையாக வரைந்தாள். வட்டம் போட்டாள், எண் போட்டாள், முள் போட்டாள். அதற்கு மேலே தாடி வைத்த ஒரு மனிதனின் முகத்தைப் போட்டாள். அந்த முகத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆடு.

டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், இரக்கத்தோடு.

கோயிலுக்கு எதிரே, குளக்கரைக் கட்டடத்தில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மேத்தன் மணி என்பார்கள். கடிகாரத்துக்கு மேலே தாடிக்காரன் முகம். மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் இருக்கும் ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். கோட்டையில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் கடிகாரம் வரை என்றால் அவள் வேறு எதை வரைவாள்?

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். டாக்டர் சிரித்திருப்பார். நான் சொல்லவில்லை. நான் சொன்னது சரி என்று ஒரு டாக்டர் வாயால் கேட்கத்தான் அங்கே போயிருந்தேன். அது கிடைக்கும்போல் இருந்தபோது என் வாய் மூடிக்கொண்டது.

"கொஞ்சம் கவனிக்கணும்" என்று டாக்டர் சொன்னதை விஜியிடம் "நிறையக் கவனிக்கணும்" என்று சொன்னேன். அன்றிலிருந்து கோமதி தனியாக அடுப்பு பற்றவைக்கக்கூடாது, தனியாகக் கோயிலுக்குப் போகக்கூடாது என்று விஜி போனிலேயே சட்டம் போட்டாள். கோயம்புத்தூரில் எந்நேரமும் நர்ஸ் இருக்கிற ஒரு முதியோர் குடியிருப்பில் அம்மாவுக்கு அறையும் பேசினாள். கார்த்திகையில் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. நான் வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தேன். எப்போது என்று சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் ஐப்பசி ஆறாட்டு வந்தது. அந்தத் தண்ணீர். அந்த விளக்குகள். அந்தப் பொய்.

"எல்லாம் என் பிரமை"

பொய் சொன்ன பிறகு கோமதியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், சாப்பிட வா, மருந்து போட்டாச்சா என்பதற்கு மேல் பேச்சில்லாமல் மூன்று வாரம் போல ஓடிற்று. நான் ரகசியமாக மாடிக்குப் போய் நின்றேன். மீன்பிடிப் படகுகளின் விளக்கு மேகத்தில் பட்டுத் தெரிந்ததோ என்று யோசித்தேன். அன்று அந்தப் பக்கம் மேகமே இல்லை. ஊர்வலத்தைப் படமெடுக்க டிரோன் விட்டார்களோ என்று யோசித்தேன்; புரட்டாசியில் ஏது ஊர்வலம்? கடற்கரையில் அத்தனை ஜனம் நின்றதே, அவர்கள் யாரும் பார்க்கவில்லையா என்றும் கேட்டுக்கொண்டேன். ஸ்வாமி தண்ணீரில் முங்கும்போது யார் வானத்தைப் பார்ப்பார்கள்?

விஜி வந்தாள். வந்த அன்றே பெட்டியைத் திறந்து அம்மாவின் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். கோமதி தரையில் உட்கார்ந்து முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த விளக்கெல்லாம் இப்பவும் தெரியறதா?" விஜி சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

முறம் நிற்கவில்லை. "இல்லைடி. எல்லாம் என் பிரமை. அப்பா சொன்னதுதான் சரி."

நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். நான் சொன்னதுதான் சரி என்று ஒருவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டு இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை. இந்த வீட்டில் இருப்பதற்காக அவள் தன் கண்ணால் கண்டதையே விட்டுக்கொடுக்கிறாள். அப்படியும் பெட்டியில் புடவை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"விஜி, அதை மூடு," என்றேன். "நானும் பார்த்தேன்."

விஜி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது நிம்மதி அல்ல, பீதி. "ஈஸ்வரா! அப்பா, உங்களுக்குமா? ரெண்டு பேருக்கும் சேர்த்து ரூம் சொல்லட்டுமா?"

"சொல்லிக்கோ. ஆனா முதல்ல கேளு." எல்லாவற்றையும் சொன்னேன். ஆறாட்டு மாலை, நான் சொன்ன பொய், டாக்டர் கொடுத்த தாளில் அம்மா வரைந்த தாடிக்காரன்.

"எந்தாப்பா இது! அது மேத்தன் மணின்னு நீங்க டாக்டர்ட்ட சொல்லவே இல்லையா? எனக்கு அங்கே நிறுத்தி வெச்சுத்தானே அம்மா சாதம் ஊட்டுவா? ஆடு முட்டும்போது ஒரு வாய், ஆடு முட்டும்போது ஒரு வாய்னு."

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாயா? நீ அப்பவே பொய் சொல்லுவே," என்றாள் கோமதி, பருப்பிலிருந்து தலையெடுக்காமல்.

விஜிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் அவள் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறவள். லேசில் விடமாட்டாள். என்னை முன்னறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். எந்தப் பக்கம், என்ன நிறம், எது முதலில் நகர்ந்தது என்று கேட்டாள். பிறகு அடுக்களையில் அம்மாவைக் கேட்டாள். ஒருவர் அளந்ததைப் பார்க்காமல் இன்னொருவர் தனியாக அளக்க வேண்டும் என்று முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் சொன்னவன் நான். என் வீட்டில் அதைச் செய்தவள் என் மகள்.

திரும்பி வந்தவள் முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் நின்றாள். "கீழே இருந்ததுதான் முதல்ல மேலே போச்சாம். மாங்காய் நிறமாம். மாங்காய்னே சொல்றா. ரெண்டு பேரும் பேசி வெச்சுண்டேளா?"

"உங்கப்பா என்னோட பேசியே மூணு வாரம் ஆறது," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. பிறகு கோமதியே வாசற்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்த்து, "எத்தனைன்னு சொன்னேள்?" என்றாள்.

"நாலு."

"அஞ்சு. ஒண்ணு தென்னை மட்டைக்குப் பின்னாலே இருந்தது. நீங்க நின்ன இடத்துலேர்ந்து தெரிஞ்சிருக்காது."

விஜி பெட்டியைக் கவிழ்த்துப் புடவைகளைக் கட்டிலில் கொட்டினாள்.

தெரியாது என்பது

அவை என்ன? எனக்குத் தெரியாது. இந்தத் தொடரில் இதுவரை எழுதிய எந்த வாக்கியமும் இவ்வளவு சுலபமாக வரவில்லை. படிக்கிறவர்கள் விளக்கம் எழுதி அனுப்புவீர்கள், எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அனுப்புவேன். வாசித்துப் பார்க்கிறேன். அந்த ஆறாட்டு மாலைக்குப் பிறகு அவை வரவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இப்போது மாலையில் மாடிக்குப் போகிறோம். கோமதி மேற்கைப் பார்ப்பாள். நான் அவள் பார்க்கிற பக்கம் பார்ப்பேன்.

அந்த ஒரு மாலை துவாரம் அடைத்துக்கொண்டதற்கும், குனிந்திருந்தவன் கண்ணுக்கு வானமே இறங்கி வந்து காட்டியதற்கும் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பொதுவாகச் சொல்லிவைக்கிறேன். இன்னொரு வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைத்தது. அதையும் நான் முதலில் பொய் சொல்லி வீணாக்கினேன்; அப்படியும் அது மூன்று வாரம் எனக்காகக் காத்திருந்தது.

எது காத்திருந்தது என்பது விஜி ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலைதான் எனக்குப் புரிந்தது. கோமதி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில்.

"அன்னிக்கு நான் பிளேன்னு சொன்னப்போ நீ என்ன நினைச்சே?"

"பார்த்துட்டேள்னு நினைச்சேன்."

"எப்படி?"

"நான் ஒண்ணுமே கேக்கலையே. கேக்காத கேள்விக்கு நீங்களா பதில் சொன்னேள்."

"பின்னே ஏன் விஜி கேட்டப்போ சொல்லலை, அப்பாவும் பார்த்தார்னு?"

"நான் சொன்னா யார் நம்புவா? அதான் உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

பெருக்குமாறு நின்றது. "போயிருப்பேன்," என்றாள். குரலில் கோபம் இல்லை. எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சொல்லியிராத வார்த்தை ஒன்று இருந்தது. சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. சொன்னேன்.

"என்னை மன்னிச்சுக்கோ, கோமு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் நாற்காலிக்கு அடியில் பார்த்தாள்.

"சரி. காலைத் தூக்குங்கோ. அங்கே குப்பை இருக்கு."

தூக்கினேன்.